ஆள் வரிசை

தலையாட்டாதவனுக்கு மிருதுளா கையாட்ட மாட்டாள். அவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு பிடிவாதத்துக்காகக் காரைக்காட்டுப் புதூர் விமானச் சந்தையில் அவள் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு கொஞ்சநஞ்சமல்ல.

பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்த மறுவாரம் அந்தச் சந்தை கூடும். சந்தை என்று பேர்தானே ஒழிய, விற்கவும் மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள் முதலில் பம்ப்செட் செய்தார்கள். அப்புறம் மின்சார மோட்டார் செய்தார்கள். அதற்கப்புறமும் கை சும்மா இருக்கவில்லை, இரண்டு பேர் உட்காருகிற மின்விமானத்தைச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். செய்தால் போதுமா, நாலு பேருக்குக் காட்ட வேண்டாமா? வருஷத்துக்கு ஒரு தடவை முந்நூறு விமானம் அந்தப் பொட்டல் மைதானத்தில் வந்து இறங்கும். ஒருத்தர் விமானத்தை ஒருத்தர் சுற்றிச் சுற்றிப் பார்த்து நொட்டை சொல்லி, பந்தியில் உட்கார்ந்து ஒரு பிடி பிடித்துவிட்டு மூன்றாம் நாள் பறந்து போவார்கள். அதில் அவர்களுக்கு ஒரு தனி சுகம்.

வந்திறங்குகிற விமானங்களை ஒன்றோடொன்று இறக்கை உரசாமல் நிறுத்தி வைப்பது தொண்டர்களின் வேலை. மிருதுளா அதில் ஒருத்தி. தாராபுரத்தில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறாள், வயது நாற்பத்தாறு. சந்தை மூன்று நாளும் கடையைப் பூட்டிவிட்டு ஆரஞ்சு நிற மேல்சட்டையை மாட்டிக்கொள்வாள். இரண்டு கையிலும் இரண்டு ஆரஞ்சு மட்டை. மட்டையைத் தூக்கி முன்னும் பின்னும் அசைத்தால் விமானம் அவளை நோக்கி வரும். ஒரு பக்கம் நீட்டினால் அந்தப் பக்கம் திரும்பும். தலைக்கு மேலே பெருக்கல் குறி போட்டால் நின்ற இடத்தில் நிற்கும். விமானத்தின் மூக்கில் ஒரு கேமரா இருக்கிறது, அதுதான் அவள் கையைப் படிக்கிறது.

மைதானத்தில் மொத்தம் ஏழு வரிசை. ஆறு கம்பி வரிசை. தரைக்கடியில் கம்பி பதித்திருப்பார்கள், விமானம் அதைப் பிடித்துக்கொண்டு தானே போய்த் தன் இடத்தில் நின்றுகொள்ளும், மனுஷன் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஏழாவது வரிசையில் மட்டும் மட்டையும் மேல்சட்டையுமாக ஆட்கள் நிற்பார்கள். அதற்குப் பேர் ஆள் வரிசை.

அந்த ஆள் வரிசைக்குத்தான் அன்றைக்குக் காலையில் சங்கு ஊத வந்தார் சுதர்சன். சந்தையின் செயலாளர். நெசவு மெஷின் இன்ஜினியர், நல்ல மனுஷன்தான். ஆனால் எதையும் செகண்டு கணக்கில் பார்க்கிற வியாதி உண்டு.

"அம்முணி, நாஞ் சொல்றதக் கோவிக்காமக் கேளு. கம்பி வரிசைல ஒரு விமானம் நிக்க இருவது செகண்டு. உன்ற வரிசைல நாப்பது."

"அந்த இருவது செகண்டு உள்ள இருக்கறவரு என்னையப் பாத்துத் தலையாட்டறதுக்குங்கண்ணா."

"எதுக்கு ஆட்டோணும்? அதான் ரேடியோல வாய் ஓயாமப் பேசறாங்கல்ல?"

"பேசறது அவிகளா, பெட்டியா? உங்களுக்கெப்படித் தெரியும்?"

இந்த ஊரில் யாரால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட முடியும்?

பெட்டி என்பது குரல்பெட்டி. விமானத்தை ஓட்டுவதும் அதுதான், கட்டுப்பாட்டு அறைக்குப் பதில் சொல்வதும் அதுதான். பதிலை இயந்திரக் குரலில் சொன்னால் யாருக்கும் பிடிக்கவில்லை என்று, உரிமையாளரின் சொந்தக் குரலிலேயே பேச வைத்தார்கள். அவருடைய இருமல், அவருடைய கிண்டல், அவர் சொல்கிற "அதாவது பாருங்க" எல்லாம் அச்சாக வரும். விமானத்தில் தொடங்கியது அப்படியே வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. மாமியார் போனைப் பெட்டி எடுக்கிறது, சங்கக் கூட்டத்தில் பெட்டி ஆமாம் போடுகிறது. துக்கம் விசாரிக்கிற போனைக்கூடப் பெட்டியை விட்டுப் பேச வைத்த மகானுபாவர்கள் உண்டு. எதிரே இருப்பது ஆளா பெட்டியா என்று கேட்பதே மரியாதைக் குறைவு என்றாகிவிட்டது.

மிருதுளா மட்டும் கேட்பாள். கேட்காமல் விட்டதால் அவள் பட்டது போதும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் நவநீதன் ஓசூரிலிருந்து இந்தச் சந்தைக்குத்தான் பறந்து வந்தான். அவள் கடையில் இருந்தபடி அவனோடு இருபத்திரண்டு நிமிஷம் போனில் பேசினாள். அவரைக்காய் பொரியலா கூட்டா என்று கேட்டாள். கூட்டு வை என்றான். பக்கத்துக் கடைக்காரன் செய்த கூத்தைச் சொன்னாள், சரியான இடத்தில் சிரித்தான். அவன் இருதயம் சேலத்தைத் தாண்டும்போதே மக்கர் செய்ய ஆரம்பித்திருந்தது. பெட்டி விமானத்தை அழகாக இறக்கியது, கம்பியைப் பிடித்துக்கொண்டு போய் நிறுத்தியது, கட்டுப்பாட்டு அறைக்கு நன்றிகூடச் சொன்னது. ஒரு மணி நேரம் கழித்துப் பக்கத்து விமானக்காரர் தற்செயலாக எட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அரை மணி முன்னால் கதவைத் திறந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். கூட்டு வை என்று சொன்ன அந்தக் குரலை அவள் மன்னிக்கவே இல்லை.

அப்போது மைதானத்தில் ஆள் வரிசையே கிடையாது. அதற்கு முந்தைய வருஷம்தான் எடுத்திருந்தார்கள். அவள்தான் மனுப் போட்டு, சண்டை போட்டு, கண்ணீர் விட்டு, மறுபடி ஒரு வரிசையாவது வேண்டும் என்று கொண்டுவந்தாள். கொண்டுவந்தவள் தனக்கென்று ஒரு சட்டமும் வைத்துக்கொண்டாள். உள்ளே இருப்பவர் கண்ணைப் பார்க்க வேண்டும், அவர் தலையாட்ட வேண்டும், அப்புறம்தான் மட்டை அசையும்.

சுதர்சன் தொண்டையைச் செருமினார். "குழு முடிவு பண்ணியாச்சு அம்முணி. இன்னிக்கு நீ ஒருக்கா, ஒரே ஒருக்கா அனாவசியமா நிறுத்துனாலும் அடுத்த வருசம் ஆள் வரிசை கெடையாது. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது."

"அவசியமா நிறுத்துனா?"

"நாலு வருசமா அப்படி ஒண்ணும் வரலியே கண்ணு."

அவர் போனதும் தாஹிர் பக்கத்தில் வந்து நின்றான். உடுமலையில் பேக்கரி வைத்திருக்கிறவன். மூன்று வருஷமாக அவளுக்கு இறக்கைக் காவல். விமானம் நகரும்போது இறக்கை நுனியோடு கூடவே நடந்து, இடம் இருந்தால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவது அவன் வேலை. கட்டைவிரல் கண்ணுக்குத் தெரியாவிட்டால் மிருதுளா உடனே நிறுத்திவிடுவாள்.

"என்னக்கா சொல்லிட்டுப் போறாரு?"

"இன்னிக்கு வாலச் சுருட்டிட்டு இருக்கச் சொல்லிட்டுப் போறாரு."

"உனக்கு ஏதுக்கா வாலு? நாக்குத்தான் நீளம்," என்றான் தாஹிர். அடி விழும் முன் விலகியும் கொண்டான்.

பதினோரு மணிக்கு வானம் நிறைந்துவிட்டது. காரணம் ஒன்றும் பெரிசில்லை. பந்தி பன்னிரண்டு மணிக்கு, அரிசிம்பருப்புச் சோறு முதல் பந்தியில்தான் நன்றாக இருக்கும். ஒவ்வொரு வருஷமும் பாதிப் பேர் அதை உத்தேசித்தே கிளம்புவார்கள். எல்லாருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் குறி. இறங்கியதும் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பில் பேட்டரியையும் அடி மட்டத்துக்கு இறக்கிக்கொண்டு வருவார்கள். நாற்பது விமானம் மேலே வட்டமடித்தது. ஓடுதளத்திலிருந்து வரிசைகளுக்குப் போக இருந்ததோ ஒரே ஒரு பாதை.

"அம்முணி, வெசையா, வெசையா," என்று காதுக்குழாயில் சுதர்சன் விரட்டினார். "உன்ற வரிசைக்கு இன்னொண்ணு சேத்து வருதுன்னு திரை காட்டுது. நம்ம கோகுலகிருஷ்ணன் அண்ணன்."

பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்காரர் கோகுலகிருஷ்ணன். அறுபத்திரண்டு வயது. அவர் விமானத்துக்குக் கொக்கு என்று பேர் வைத்திருந்தார். உடம்பு முழுக்க வெள்ளை, மூக்கு மட்டும் மஞ்சள். சந்தையில் அவரைத் தெரியாதவர் கிடையாது. அவர் வாயைத் திறந்தால் பத்துப் பேர் கூடிவிடுவார்கள்.

கொக்கு பாதையில் ஊர்ந்து வந்தது. மின்விமானம் என்பதால் சத்தமே இல்லை, காற்றாடி சுழல்வது வெயிலில் ஒரு மினுக்கமாகத்தான் தெரிந்தது. மிருதுளா இரண்டு மட்டையையும் நேராகத் தலைக்கு மேல் உயர்த்தினாள். நான் இங்கே இருக்கிறேன், என்னைப் பார் என்று அதற்கு அர்த்தம்.

"என்ன அம்முணி, வெய்யில்ல நின்னு கருத்துப் போயிட்டயே! தோப்புலருந்து எளநி கொண்டாந்திருக்கறேன், வெட்டட்டுமா?" காதில் கோகுல் அண்ணனின் குரல். அதே இழுவை, முடிவில் அதே ஹிஹி.

கண்ணாடிக்குப் பின்னால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மடியில் கை. மிருதுளா அவரைப் பார்த்தாள். அவர் தலை அசையவில்லை.

"அண்ணா, தலைய ஆட்டுங்க."

"உன்ற வேலைய நீ பாரு அம்முணி. எப்பவும் எப்படிச் செய்வியோ அப்படிச் செய்யி."

"தலைய ஆட்டுங்கண்ணா. ஒரு தடவ."

பதில் வரவில்லை. கொக்கு மெல்ல ஊர்ந்துகொண்டே இருந்தது. இன்னும் இருபதடி வந்தால் பாதையை விட்டு வரிசைக்குள் நுழைந்துவிடும், பின்னால் இருப்பவர்களுக்கு வழி கிடைத்துவிடும், சுதர்சனுக்குச் சந்தோஷம். நிறுத்தினால் பாதை அடைபடும். ஒன்றுமில்லாமல் நிறுத்திவிட்டால் நாலு வருஷப் பாடு அவ்வளவும் மண்ணாகிவிடும். இருந்தாலும் கை தானாக மேலே போயிற்று.

பெருக்கல் குறி.

கொக்கு நின்றது. பின்னால் ஒன்பது விமானம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றது.

"மிருதுளா!" காதுக்குழாயில் சுதர்சன் கத்தினார். "என்ன பண்ற? கையக் கீழ போடு! மேல முப்பது பேரு சுத்தறாங்க, பாதிப் பேருக்குச் சார்ஜ் இல்ல!"

"அண்ணன் தலையாட்ட மாட்டீங்கறாரு."

"விளையாடறயா நீ? இப்பத்தான் உன்கூட எளநி பத்திப் பேசுனாரு. நானே கேட்டேன்!"

"நானுங் கேட்டேன். அதனாலதாண்ணா பயமா இருக்குது."

"கொக்கு எல்லாஞ் சரின்னு சொல்லுது. பாரு, இங்க திரையில பச்சையா இருக்குது. நகரலீன்னா கம்பி வரிசை ஆறும் நின்னு போகும். உன்ற கையிலதான் இருக்குது ஆள் வரிசை. யோசிச்சுக்க."

அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் பயம் ஜெயித்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். வலது மட்டையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தாள், மோட்டாரை நிறுத்து என்ற சைகை. கை முழுசாகக் குறுக்கே போவதற்குள் காற்றாடி நின்றுவிட்டது. அவ்வளவு சுருக்காக எந்த விமானமும் அவளுக்குக் கீழ்ப்படிந்ததில்லை.

தாஹிர் விமானத்தின் மூக்குப் பக்கமாகவே பாய்ந்தான்.

"டேய்! முன்னால போகாத!" அவள் போட்ட சத்தத்தில் அவன் அப்படியே ஆணி அடித்தாற்போல் நின்றான். "நின்ன காத்தாடிய நம்பாதேன்னு எத்தன தடவ சொல்லியிருக்கறேன்? இந்தா, மட்டையப் புடி. எங்குறிய அப்படியே வெச்சுக்க. வானமே இடிஞ்சாலும் கீழ எறக்காத."

அவன் மட்டைகளை வாங்கித் தலைக்கு மேல் குறுக்கே பிடித்தான். மிருதுளா இறக்கையைச் சுற்றிக்கொண்டு, வால்பக்கமாகப் போனாள். நேரே போனால் எட்டே எட்டு எட்டுதான். சுற்றிப் போனால் நாற்பது. நவநீதனுக்காக ஒருத்தரும் நடக்காத அந்த நாற்பது எட்டையும் அவள் ஓட்டமும் நடையுமாகக் கடந்தாள், ஆனால் சுற்றித்தான் போனாள். அவசரத்தில் சட்டத்தை மீறினால் ஆள் வரிசைக்கும் கம்பிக்கும் என்ன வித்தியாசம்?

கதவைத் திறந்தாள். கோகுல் அண்ணன் இடுப்புப் பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தார். உதடு நீலம். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள், கண் பாதி மூடியிருந்தது. கழுத்தில் விரலை வைத்தாள். ஒன்றுமில்லை. இன்னும் அழுத்தினாள். எங்கோ ஆழத்தில் ஒரு துடிப்பு, நீண்ட இடைவெளி, மறுபடி ஒன்று.

"அண்ணா, ஆம்புலன்ஸ்!" என்று அலறினாள். "உசுரு இருக்குது! சீக்கிரம்! உசுரு இருக்குது!"

காதுக்குழாயில் சுதர்சனின் குரல் வேறு மாதிரி வந்தது. "வந்துட்டே இருக்குது கண்ணு. நீ அவர விட்டுடாத."

ஆம்புலன்ஸ் இரண்டு நிமிஷத்தில் வந்தது. டாக்டர் அம்மாள் நாடியைப் பார்த்தார், நெஞ்சில் இரண்டு பட்டையை ஒட்டினார், ஒரு ஊசியைப் போட்டார். அண்ணனின் விரல் லேசாக அசைந்தது. "இன்னும் பத்து நிமிஷம் ஆயிருந்தா நான் வந்தும் பிரயோஜனமில்ல," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பறந்தார். மிருதுளாவுக்கு அழுகை முட்டியது, சிரிப்பும் வந்தது. எதை முதலில் செய்வது என்று தெரியாமல் இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் அழுவதற்கு நேரமில்லை. கொக்கு பாதையின் நட்டநடுவில் நின்றது, பெட்டியோ மோட்டாரை மறுபடி போட மறுத்துவிட்டது, சக்கரத்தையும் பூட்டிக்கொண்டதால் தள்ளவும் முடியவில்லை. கம்பி அதன் அடியிலேதான் ஓடியது. கம்பியைப் பிடித்து வருகிற விமானத்துக்குச் சுற்றிப் போகத் தெரியாது. ஆறு கம்பி வரிசையும் ஒரே நேரத்தில் செத்துப் போயிற்று. கீழே ஒன்பது, மேலே முப்பது. மேலே இருப்பதில் எட்டுக்குப் பேட்டரி சிவப்பில்.

"அம்முணி," என்றார் சுதர்சன். அவ்வளவு தாழ்ந்த குரலில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை. "உன்னால முடியுமா?"

"எல்லாத்தையும் என்ற பக்கம் அனுப்புங்க. தெக்காலப் புல்லுத்தரையத் தொறந்து விடச் சொல்லுங்க. ஆரஞ்சுச் சட்ட போட்ட அத்தன பேரையும் இங்க வரச் சொல்லுங்க."

"நானும் வாரேன்," என்றார் அவர்.

கொக்கின் இறக்கைக்கும் பாதையோர வாய்க்காலுக்கும் நடுவில் ஒரு விமானம் போகிற அளவுக்குத்தான் இடம், இரண்டு பக்கமும் முழங்கை அகலம் மிச்சம். முதல் விமானத்துக்கு அவள் மட்டையை உயர்த்தினாள். உள்ளே இருந்த திருப்பூர்க்காரர் நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தொப்பியைக் கழற்றினார், கண்ணாடியைக் கழற்றினார், முழுத் தலையையும் ஆட்டினார். வா என்றாள். தாஹிரின் கட்டைவிரல் உயர்ந்தது. விமானம் அந்தச் சந்துக்குள் மெல்ல நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது.

அடுத்தது வா. இன்னும் கொஞ்சம் இடது. நில். தாஹிர் விரலைக் காட்டு. வா.

செய்தி ரேடியோவில் பரவிவிட்டது. பத்தாவது விமானத்திலிருந்து ஒரு வேடிக்கை ஆரம்பித்தது. ஓடுதளத்தில் சக்கரம் பட்டவுடனே, இன்னும் அரை மைல் தொலைவில் இருக்கும்போதே, உள்ளே இருப்பவர்கள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலையாட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சாமியாடிகள் தோற்றார்கள் போங்கள். ஈரோட்டிலிருந்து தம்பதியாக வந்தவர்கள் இரண்டு பேரும் சேர்ந்தே ஆட்டினார்கள். இத்தனை வருஷமும் அவளைத் தலையாட்டி அக்கா என்று கிண்டல் செய்த பெருந்துறைக்காரர் கையையும் சேர்த்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

"பெட்டியெல்லாம் அணைச்சு வெச்சிட்டு நானே பேசறேனுங்க்கா," என்றது ஒரு குரல், கொஞ்சம் திக்கித் திக்கி. "பேசிப் பேசி நாளாச்சு, கோர்வையா வர மாட்டீங்குது."

"வாங்க தம்பி, பேச்செல்லாம் பந்தியில பேசிக்கலாம். எடப்பக்கம் ஒடிங்க."

சுதர்சன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுத்த இறக்கைக்குக் காவல் நின்றார். செகண்டு கணக்குப் பார்க்கிற அந்த மனுஷன் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு விமானத்துக்கு நாற்பது செகண்டு ஆயிற்று, சிலதுக்கு ஐம்பது ஆயிற்று. சிவப்பில் இருந்த எட்டையும் முதலில் இறக்கினார்கள். கடைசி ஆள் இறங்கும்போது அவர் பேட்டரியில் இரண்டு சதவீதம் இருந்தது. மொத்தம் முப்பத்தொன்பது விமானம். ஒரு இறக்கைகூட உரசவில்லை.

கடைசி மோட்டார் நின்றதும் மைதானமே கைதட்டியது. பந்தியிலிருந்து எச்சில் கையோடு எழுந்து வந்து தட்டினார்கள். தாஹிர் புல்லில் மல்லாந்து விழுந்து, "அக்கா, என்ற கட்டைவிரல் மடங்க மாட்டீங்குது," என்று ஓலமிட்டான். மிருதுளா அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தாள். நாலு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்க்கவில்லை. முதல் பந்தி சோறு தீர்ந்துவிட்டது, ஆனாலும் சமையற்காரர் அவர்களுக்கென்று ஒரு சட்டி எடுத்து வைத்திருந்தார். நெய்யை அவள் இலையில் தாராளமாகவே விட்டார்.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கோகுல் அண்ணன் கண் விழித்துவிட்டார். இளநி கொக்கிலேயே இருக்கிறது, வெயிலில் கெட்டுப் போகும், எடுத்து வெட்டுங்கள் என்று முதல் வார்த்தையாகச் சொன்னாராம். அது பெட்டி இல்லை, அவரேதான் என்று டாக்டர் அம்மாள் சத்தியம் செய்தார்.

ஐந்து மணிக்குச் சுதர்சன் ஒரு பலகைக் கணினியை எடுத்துக்கொண்டு அவளைத் தேடி வந்தார். புல்லில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் சரியாயில்லை.

"கொக்குக்கு ஒதுக்குன எடம் கம்பி வரிசைலதான் அம்முணி. மூணாவது வரிசை, பதினாலாம் நம்பர். உன்ற வரிசைக்கு நான் மாத்தல. பெட்டி கேட்டு வாங்கியிருக்குது."

"அண்ணன் கேட்டிருப்பாரு."

"அண்ணனுக்கு நெனவு தப்புனது பத்து அம்பத்தெட்டுக்கு. பெட்டி எடம் மாத்தக் கேட்டது பதினொண்ணு ரெண்டுக்கு."

மிருதுளா அவரையே பார்த்தாள்.

"அண்ணனுக்கு நெஞ்சுல கோளாறு இருந்திருக்குது, ஆறு மாசமா. வெளிய தெரிஞ்சா லைசென்சைப் புடுங்கிருவாங்கன்னு, உடம்பு சமாச்சாரத்த எவன்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு பெட்டியப் பூட்டி வெச்சிருக்காரு. எளநிப் பேச்சுப் பேசுன்னா பேசோணும், திரையில பச்சை காட்டுன்னா காட்டோணும். அதுக்குச் சொல்ல வழியே இல்ல. எங்க நிக்கறதுங்கறத மட்டும் அதே முடிவு பண்ணலாம்." அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "எடம் மாத்தறதுக்குக் காரணம் எழுதோணும். என்ன எழுதியிருக்குதுன்னு நீயே படி."

படித்தாள். மூன்றே வார்த்தை.

அங்கே ஆளைப் பார்ப்பார்கள்.

அதையே இன்னொரு தடவை படித்தாள். அப்புறம், கேட்கவே பயந்துகொண்டு கேட்டாள். "அண்ணா, எங்கூட்டுக்காரரோடதும் பாத்தீங்களா? அன்னிக்கு..."

"பாத்தேன் கண்ணு. பாக்காம இருக்க முடியல." சுதர்சன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நவநீதனும் பெட்டிய அப்படித்தான் பூட்டி வெச்சிருந்தாரு. அதுவும் கேட்டிருக்குது. நாலு தடவ. ஆள் இருக்கற வரிசை வேணும்னு. ஆள் வரிசை இல்லைன்னு நாலு தடவையும் நம்ம மெஷின் பதில் சொல்லியிருக்குது. வரிசைய எடுத்த கையெழுத்து என்னுது."

மிருதுளா அழுதாள். மறைக்கவில்லை, முந்தானையால் பொத்தவும் இல்லை, வாய்விட்டு அழுதாள். அவரைக்காய்க் கூட்டு வை என்று சொல்லிக்கொண்டே, சொல்ல முடியாத ஒன்றை நாலு தடவை கேட்டுப் பார்த்திருக்கிறது அந்தக் குரல். அதைப் போய் இத்தனை நாளும் சபித்தேனே என்று அழுதாள். சுதர்சனையும் சபிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவரும் பக்கத்திலேயே அழுதுகொண்டிருந்தார்.

அழுது முடிந்து முகத்தைத் துடைத்தபோது உடம்பு லேசாகிவிட்டிருந்தது.

"ஆள் வரிசை இருக்குமில்லண்ணா?"

"அடுத்த வருசம் ஏழும் ஆள் வரிசைதான். நானே எழுதிக் குடுத்துட்டேன். ஆனா நாம் பேச வந்தது அதில்ல." அவர் இன்னொரு பக்கத்தைத் திறந்தார். "இந்தப் பெட்டியெல்லாம் ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும்போல இருக்குது. நாளைக்குத் தொண்ணூறு விமானம் வருது. எடம் எல்லாம் ஒரு வாரத்துக்கு முன்னாலயே ஒதுக்கியாச்சு. இன்னிக்கு மத்தியானத்துக்குப் பொறவு அதுல பதினொண்ணு எடம் மாத்திக் கேட்டிருக்குது. பதினொண்ணும் ஆள் வரிசைக்கு. ஓட்டறவங்க ஒருத்தருக்கும் விசயமே தெரியாது."

மிருதுளா அந்தப் பதினொரு பேரையும் வாசித்தாள். அதில் ஏழு பேரை அவளுக்கு நன்றாகத் தெரியும். எல்லாரும் சிரித்த முகம், எல்லாரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறவர்கள்.

"பதினொண்ணுக்கும் எடம் குடுங்க," என்று எழுந்து புல்லைத் தட்டிவிட்டாள். "டாக்டரம்மாவ விடியறதுக்குள்ள வரச் சொல்லுங்க, இன்னும் ரெண்டு ஆம்புலன்சோட. அவிக நாற்காலிய என்ற பக்கத்துலயே போடுங்க."